சோட்டோவுக்கு ஐந்து பேர்: ஓராண்டுக்குக் கொடுத்த விலை சரிதானா?

கேள்வி இதுதான்: 2023 டிசம்பரில் நியூயார்க் யாங்கீஸ் ஐந்து பேரைக் கொடுத்து, சான் டியேகோ பாட்ரேஸிடமிருந்து ஹுவான் சோட்டோவை வாங்கியது. அவர் ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டு, 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் மெட்ஸுக்குப் போய்விட்டார். அப்படியானால் கொடுத்ததெல்லாம் வீண்தானே? ஆஃப் சீசனில் நடக்கும் ஒரு டிரேடு நல்லதா கெட்டதா என்று ரசிகர்கள் எதை வைத்துச் சொல்வது?

வீண் இல்லை. இரண்டு அணிக்குமே சரியாக அமைந்த அபூர்வமான டிரேடுகளில் இதுவும் ஒன்று. அதைப் பார்க்க விடாமல் தடுப்பது ஒரு பழக்கம்: பெயருக்குப் பெயர் எடை போடுவது. பேஸ்பாலில் அணிகள் கைமாற்றிக்கொள்வது ஆட்களை இல்லை, ஆண்டுகளை. ஒருவர் இன்னும் எத்தனை ஆண்டு, என்ன சம்பளத்தில், உங்கள் பிடியில் இருப்பார் என்பதுதான் சரக்கு.

அடிப்படை விதியைச் சொல்லிவிடுகிறேன். மேஜர் லீக் பட்டியலில் 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டு சர்வீஸ். ஆறு ஆண்டு சர்வீஸ் முடியும் வரை ஆட்டக்காரர் அணியின் பிடியில் இருக்கிறார். முதல் மூன்று ஆண்டுகள் ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம்தான், 2024-ல் அது 7.4 லட்சம் டாலர். அடுத்த மூன்று ஆண்டுகள் ஆர்பிட்ரேஷன், அதாவது சம்பளம் ஆண்டுக்காண்டு ஏறும், ஆனால் வேறு அணியோடு பேச முடியாது. அதற்குப் பிறகுதான் ஃப்ரீ ஏஜென்ட்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த டிரேடைப் பாருங்கள். யாங்கீஸுக்கு வந்தது சோட்டோவின் ஓர் ஆண்டு, 3.1 கோடி டாலர் சம்பளத்தில். கூடவே டிரென்ட் கிரிஷாமின் இரண்டு ஆண்டுகள். பாட்ரேஸுக்குப் போனது பிட்சர் மைக்கேல் கிங்கின் இரண்டு ஆண்டுகள், ஜோனி பிரிட்டோ, ராண்டி வாஸ்கெஸ் இருவருக்கும் தலா ஐந்து ஆண்டுகளுக்கு மேல், ட்ரூ தோர்ப்பின் இன்னும் தொடங்கவே தொடங்காத ஆறு ஆண்டுகள், கேட்சர் கைல் ஹிகாஷியோகாவின் ஓர் ஆண்டு.

விலை அதிகம் என்று தோன்றினால், அதே ஆளை அதே பாட்ரேஸ் 2022 ஆகஸ்ட்டில் என்ன கொடுத்து வாங்கியது என்று பாருங்கள். வாஷிங்டன் நேஷனல்ஸுக்குப் போனவர்கள் சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்சி கோர், ஜேம்ஸ் வுட், ராபர்ட் ஹாஸல், ஹார்லின் சுசானா, கூடவே லூக் வாய்ட். இதில் ஏப்ரம்ஸ், கோர், வுட் மூவரும் பின்னாளில் ஆல் ஸ்டார் ஆனார்கள். அன்று விற்பனைக்கு இருந்தது சோட்டோவின் இரண்டரை ஆண்டுகள்; அதாவது பிளேஆஃப் நடக்கும் மூன்று அக்டோபர்கள். பதினாறு மாதம் கழித்து மிச்சம் இருந்தது ஒரே அக்டோபர். அதே ஆட்டக்காரர், அதே கை, ஆனால் அந்தத் தரத்தில் ஒரு வுட்டோ ஓர் ஏப்ரம்ஸோ யாங்கீஸ் கொடுத்த ஐவரில் இல்லை. ஆண்டு குறைந்ததும் விலை இறங்கிவிட்டது.

அடுத்து, பாட்ரேஸ் ஏன் விற்றது? ரசிகர்கள் பலர் இதைப் பணத்தோடு முடித்துவிடுவார்கள். பணமும் உண்மைதான். மொத்தச் சம்பளம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் அணி கட்ட வேண்டியது சொகுசு வரி. 2021, 2022, 2023 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அதைக் கட்டிய அணி அது. 2023 மே மாதம் அவர்களின் உள்ளூர் டிவி ஒப்பந்தம் கையை விட்டுப் போனது. உரிமையாளர் பீட்டர் சைட்லர் நவம்பரில் காலமானார். 2024-ல் வரம்புக்குக் கீழே இறங்கினால் வரி விகிதம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆனால் பணத்தைவிட அவசரமான பிரச்சினை இன்னிங்ஸ். பிளேக் ஸ்னெல், சேத் லூகோ, மைக்கேல் வாகா, நிக் மார்ட்டினெஸ் நால்வரும் ஒரே நேரத்தில் ஃப்ரீ ஏஜென்ட் ஆனார்கள். ஆட்டத்தைத் தொடங்கி வீசும் ஸ்டார்டர்கள் ஐவரின் சுழற்சியில் மஸ்குரோவும் டார்விஷும் மட்டும் மிச்சம். ஒரு சீசனுக்கு ஓர் அணி வீச வேண்டியது ஏறத்தாழ 1,450 இன்னிங்ஸ். அதைச் சோட்டோவின் மட்டை வீசித் தராது.

அதனால்தான் பேச்சுவார்த்தையில் கிங் இல்லாமல் டிரேடு நகரவில்லை. 2023-ன் பெரும்பகுதியில் அவர் ஆட்டத்தின் இடையில் வந்து வீசும் ரிலீவர். கடைசி வாரங்களில்தான் ஸ்டார்டர் ஆனார். மொத்தம் 104⅔ இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்) 2.75. இந்த ஆள் முழு சீசன் தாங்குவாரா என்பதுதான் பாட்ரேஸ் போட்ட பந்தயம். 2024-ல் அவர் 173⅔ இன்னிங்ஸ் வீசி 201 ஸ்ட்ரைக்அவுட், இ.ஆர்.ஏ. 2.95. அட்லாண்டாவுக்கு எதிரான வைல்ட் கார்டு (பிளேஆஃபின் முதல் சுற்று) முதல் ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸ், 12 ஸ்ட்ரைக்அவுட், ஒரு வாக் (இலவசமாகக் கொடுக்கும் பேஸ்) கூட இல்லை, ஒரு ரன்கூட இல்லை. முந்தைய ஆண்டு 82 வெற்றியோடு நின்ற அணி, சோட்டோ இல்லாமல் 93 வென்றது.

அது எப்படி முடிந்தது என்பது இன்னும் ருசியான பகுதி. டிரேடு முடிந்த அன்று பாட்ரேஸின் அவுட்ஃபீல்டில் நிச்சயமான இடம் உள்ளவர் டாட்டீஸ் ஒருவர்தான். பார்த்தவர்கள் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். பிப்ரவரியில் ஜூரிக்சன் புரோஃபாரை வெறும் 10 லட்சம் டாலருக்கு எடுத்தார்கள். அவர் 24 ஹோம் ரன் அடித்து ஆல் ஸ்டார் ஆனார். ஷார்ட் ஸ்டாப்பாக வளர்ந்த 20 வயது ஜாக்சன் மெரில்லைச் சென்டர் ஃபீல்டில் நிறுத்தினார்கள்; .292 சராசரி, 24 ஹோம் ரன், சிறந்த புதுமுகம் தேர்வில் இரண்டாம் இடம். இதில் அதிர்ஷ்டமும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கணக்கும் இருக்கிறது: இடது ஃபீல்டருக்கு மலிவாக ஆள் தேட முடியும், 170 இன்னிங்ஸ் வீசும் நல்ல பிட்சருக்கு முடியாது.

தோர்ப் கதையும் கவனிக்க வேண்டியது. 2023-ல் மைனர் லீகில் 182 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தவர். பாட்ரேஸ் சட்டையில் ஒரு சீசன் ஆட்டம்கூட வீசவில்லை. 2024 மார்ச்சில், இன்னும் மூவரோடு சேர்த்து சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு அனுப்பி, டிலன் சீஸை வாங்கிவிட்டார்கள். சீஸ் அந்த ஜூலையில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் நோ ஹிட்டர் வீசினார். தோர்ப்புக்கு 2025-ல் முழங்கையில் டாமி ஜான் அறுவைச் சிகிச்சை. இளம் பிட்சரைப் பூட்டி வைக்கும் அணியைவிட, விலை உச்சத்தில் இருக்கும்போது மாற்றிக்கொள்ளும் அணி பெரும்பாலும் தப்பிக்கும். இது கல்நெஞ்சப் பேச்சாகத் தெரியலாம். ஆனால் மணிக்கு 95 மைல் வேகத்தில் பந்து எறியும் முழங்கைக்கு உத்தரவாதம் தர எந்த மருத்துவராலும் முடியாது.

இனி யாங்கீஸ் பக்கம். அவர்களும் 2023-ல் 82 வெற்றிதான். யாங்கீ ஸ்டேடியத்தில் வலது மூலைச் சுவர் வெறும் 314 அடி, இடது கை பேட்டருக்கென்றே கட்டியது போல. ஆனால் அந்த ஆண்டு பயப்பட வைக்கும் இடது கை மட்டை ஒன்றுகூட அணியில் இல்லை. சோட்டோ வந்தார்: .288 சராசரி, 41 ஹோம் ரன், 109 ரன் அடித்துக் கொடுத்தது, .419 ஆன் பேஸ். அணியின் பெரிய மட்டையான ஆரன் ஜட்ஜுக்கு முன்னால் அவர் நின்றதால், ஜட்ஜ் மட்டை பிடிக்க வரும்போது பேஸில் ஆள் இருந்தார்கள்.

இப்போது கூட்டிக் கழிப்போம். மாற்று ஆட்டக்காரரை வைத்து ஆடியிருந்தால் கிடைப்பதைவிட எத்தனை வெற்றி கூடுதல் என்று சொல்லும் 'வார்' கணக்கில் சோட்டோவின் 2024 ஏறக்குறைய 8. சந்தையில் ஒரு வெற்றியின் விலை 80 லட்சம் டாலர் என்று பொதுவாகப் போடுவார்கள். அப்படியானால் 6.4 கோடி டாலர் மதிப்பு, 3.1 கோடி சம்பளம், பாதிக்குப் பாதி லாபம் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். யாங்கீஸ் மூன்றாவது ஆண்டாகத் தொடர்ந்து சொகுசு வரி கட்டிக்கொண்டிருந்தது. 2024-ன் முதல் வரம்பு 23.7 கோடி டாலர், நான்காவது 29.7 கோடி. மூன்றாம் ஆண்டுக்காரருக்கு அடிப்படை 50 சதவீதம். நான்காம் வரம்புக்கு மேலே கூடுதலாக 60. ஆக மேலே போகும் ஒவ்வொரு டாலருக்கும் 1.10 டாலர் வரி. சோட்டோவின் சம்பளம் அந்த உச்சியில்தான் போய் உட்கார்ந்தது. வரியைச் சேர்த்தால் காகிதத்தில் லாபம் கிட்டத்தட்ட காலி.

பிறகு ஏன் சரியான முடிவு என்கிறேன்? எல்லா வெற்றிக்கும் ஒரே விலை இல்லை என்பதால். 70-லிருந்து 78-க்குப் போகும் அணிக்கு அந்த எட்டு வெற்றியால், இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் பின்னால் தள்ளப்படுவதைத் தவிர ஒன்றும் கிடைக்காது. 2024-ல் அமெரிக்கன் லீக் முடிந்த விதத்தைப் பாருங்கள்: யாங்கீஸ் 94, பால்டிமோர் 91, கடைசி இரண்டு வைல்ட் கார்டு இடங்களில் டெட்ராய்ட், கன்சாஸ் சிட்டி தலா 86, வெளியே நின்ற சியாட்டில் 85. 94-ல் 8 கழித்தால் 86. அதாவது, டிவிஷன் பட்டமும் முதல் சுற்று விடுப்பும் உள்ள அணிக்கும், கடைசி நாள் வரை நகம் கடிக்கும் அணிக்கும் இடையே இருந்த தூரம் அந்த ஒருவர்தான்.

அக்டோபர் 19 இரவு, கிளீவ்லாந்தில். லீக் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம், ஸ்கோர் 2-2, பத்தாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், பேஸில் இருவர். ஹன்டர் காடிஸ் வீசும் ஸ்லைடரையும் சேஞ்ச்அப்பையும் சோட்டோ ஒவ்வொன்றாக ஃபவுல் அடித்துத் தள்ளுகிறார். ஏழாவது பந்து வேகப்பந்து. வலது சென்டருக்கு மேல் மூன்று ரன் ஹோமர். 2009-க்குப் பிறகு யாங்கீஸ் பார்க்கும் முதல் வேர்ல்ட் சீரிஸ் அந்த அடியில்தான் திறந்தது. அங்கே டாட்ஜர்ஸிடம் 4-1 என்று தோற்றது வேறு விஷயம்.

ஆனால் இந்த டிரேடின் உண்மையான விலை ஐந்து பெயர்களில் இல்லை, ஆறாவது பெயரில் இருக்கிறது: மார்கஸ் ஸ்ட்ரோமன். கிங்கையும் பிரிட்டோவையும் வாஸ்கெஸையும் ஒரே மூச்சில் கொடுத்ததும் சுழற்சியில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க ஜனவரியில் ஸ்ட்ரோமனுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 3.7 கோடி டாலர் கொடுத்தார்கள். ஆண்டுக்கு 1.85 கோடி, முழுவதும் உச்ச வரம்புக்கு மேல் விழுந்தால் வரி இன்னொரு 2.035 கோடி. கிங் 2.95 வீசிய ஆண்டில் ஸ்ட்ரோமன் வீசியது 4.31. டிரேடைக் கணக்கிடும்போது கொடுத்த ஆளின் இடத்தில் யார் வந்தார், அவருக்கு என்ன செலவானது என்பதையும் அதே பற்றுச்சீட்டில் எழுத வேண்டும். பெரும்பாலோர் எழுதுவதில்லை.

ஆப்ஷன் விஷயமும் அதில்தான் சேரும். 40 பேர் பட்டியலில் உள்ள ஒருவரை மூன்று சீசன்களில் தாராளமாக மைனர் லீகுக்கு அனுப்பி மேலே கூப்பிடலாம். 2022 முதல் ஒரே சீசனில் ஐந்து முறைக்கு மேல் கீழே அனுப்பக் கூடாது என்று கட்டுப்பாடு. ஆப்ஷன் தீர்ந்த பிட்சரைக் கீழே அனுப்ப வேண்டுமானால் வெய்வரில் போட வேண்டும், வேறு அணி தூக்கிக்கொண்டு போகும். பிரிட்டோவும் வாஸ்கெஸும் ஆப்ஷன் மிச்சம் இருந்தவர்கள், யாங்கீஸின் மைனர் லீக் அணி இருக்கும் ஸ்கிராண்டனிலிருந்து இரண்டு மணி நேரத்தில் வந்து ஐந்து இன்னிங்ஸ் வீசிவிட்டுத் திரும்பக்கூடியவர்கள். இப்படிப்பட்டவர்களின் அருமை டிசம்பரில் தெரியாது. மார்ச்சில் முதல் முழங்கை வலித்ததும் தெரியும். தெரிந்தது: கெரிட் கோல் முழங்கை வலியால் ஜூன் நடு வரை வரவில்லை. அந்த இடத்தில் லூயிஸ் ஹீல் வந்து 15 வெற்றியோடு சிறந்த புதுமுகம் விருதை வாங்கினார். ஹீல் எழும்பாமல் போயிருந்தால் இந்த டிரேடைப் பற்றி நாம் வேறு குரலில் பேசிக்கொண்டிருப்போம்.

ஃபீல்டிங்கிலும் ஒரு விலை இருந்தது. சோட்டோவை வலதிலும் வெர்டுகோவை இடதிலும் வைத்ததால் 6 அடி 7 அங்குல ஜட்ஜ் பெரும்பாலும் சென்டரில் ஓட வேண்டியிருந்தது. வேர்ல்ட் சீரிஸ் ஐந்தாவது ஆட்டத்தில் 5-0 முன்னிலையில் அவர் சென்டரில் ஒரு சுலபமான பந்தைத் தவறவிட்டதும் சரிவு தொடங்கியது. அந்த ஒரு பிழைக்கு இடமாற்றமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று மட்டைகளை நிறுத்த ஒரு சென்டர் ஃபீல்டரைப் பலி கொடுத்த பட்டியல் அது என்பது உண்மை.

'டிசம்பரில் ஏன்? ஜூலை வரை காத்திருந்தால் மலிவாகக் கிடைத்திருக்குமே' என்றும் சிலர் கேட்பார்கள். ஜூலையில் வாங்கினால் குவாலிஃபையிங் ஆஃபர் கொடுக்கும் உரிமை இல்லை. ஃப்ரீ ஏஜென்ட் ஆகும் ஆளுக்கு, நிர்ணயித்த தொகைக்கு இன்னும் ஓராண்டு இரு என்று பழைய அணி நீட்டுவதுதான் அது. முழு சீசனும் ஒரே அணியில் இருந்தவருக்குத்தான் அதைக் கொடுக்க முடியும். 2024 நவம்பரில் அந்தத் தொகை 2.105 கோடி டாலர். ஆட்டக்காரர் மறுத்து வேறு அணிக்குப் போனால் பழைய அணிக்கு டிராஃப்டில் ஒரு தேர்வு கிடைக்கும். அது எங்கே கிடைக்கும் என்பது அணியின் பையைப் பொறுத்தது. வரி கட்டிய யாங்கீஸுக்கு சோட்டோவுக்காகக் கிடைத்தது நான்காம் சுற்று முடிந்த பிறகு ஒரு தேர்வு, அவ்வளவுதான். வருமானப் பகிர்வு வாங்கும் சின்ன அணியாக இருந்து, போனவர் 5 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டால், முதல் சுற்று முடிந்ததுமே தேர்வு கிடைக்கும்.

இந்த வித்தியாசம்தான் கார்பின் பர்ன்ஸ் டிரேடைப் புரிய வைக்கும். 2024 பிப்ரவரியில் பால்டிமோர், ஜோயி ஓர்டிஸ், டி.எல். ஹால், ஒரு டிராஃப்ட் தேர்வு ஆகியவற்றை மில்வாக்கிக்குக் கொடுத்து, பர்ன்ஸின் ஒரே ஆண்டை வாங்கியது. 2.92 இ.ஆர்.ஏ. வீசிவிட்டு அவர் அரிசோனாவுக்கு ஆறு ஆண்டுகள், 21 கோடி டாலருக்குப் போனார். முதல் சுற்று முடிந்ததும் பால்டிமோருக்குத் தேர்வு வந்தது. கொடுத்த தேர்வு ஏறக்குறைய திரும்பி வந்துவிட்டது. மில்வாக்கியோ அந்த ஆண்டே 93 வென்று டிவிஷனை எடுத்தது. ஓராண்டு வாடகைக்கு எடுப்பதும் விடுவதும் ஒரே நேரத்தில் புத்திசாலித்தனமாக இருக்க முடியும்.

தவறாகப் போனதற்கும் உதாரணம் வேண்டுமானால் பாஸ்டன் 2020 பிப்ரவரியில் மூக்கி பெட்ஸை டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தது. அவருக்கும் ஓராண்டுதான் மிச்சம். ஆனால் பாஸ்டனின் இலக்கு இன்னிங்ஸோ ஓர் ஓட்டையை அடைப்பதோ இல்லை. சம்பளப் பட்டியல் 20.8 கோடி டாலர் வரம்புக்குக் கீழே இறங்க வேண்டும் என்பது. அதற்காக டேவிட் பிரைஸின் ஒப்பந்தத்தையும் பாதிச் சம்பளம் தாங்கி அதே வண்டியில் ஏற்றினார்கள். நட்சத்திரத்தோடு சுமையையும் கட்டி அனுப்பினால், வாங்குபவர் சுமைக்கான கழிவை நல்ல இளைஞர்களில்தான் கழிப்பார். கூடவே, மூன்று அணி டிரேடாகப் பேசியது மருத்துவ அறிக்கையில் பிட்சர் பிரஸ்டார் கிராடெரோல் பற்றிச் சந்தேகம் வந்ததும் உடைந்து, மறுபடி பேசி, வெர்டுகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங் என்று முடிந்தது. மூன்றாண்டுக்குள் டவுன்ஸ் வெய்வரில் போனார். வெர்டுகோ, 2023 டிசம்பரில் சோட்டோ டிரேடுக்கு முந்தின நாள் யாங்கீஸுக்கே போனார். பெட்ஸ் 12 ஆண்டுகள், 36.5 கோடி டாலருக்கு டாட்ஜர்ஸில் தங்கிவிட்டார். பெட்ஸைத் தக்கவைக்கும் வசதி பாஸ்டனுக்கு இருந்தது. அதனால்தான் அந்த ஊர் ரசிகர்களின் கோபம் இன்றும் நியாயமானது என்று நினைக்கிறேன்.

ஆகவே அடுத்த டிரேடு செய்தி வரும்போது பெயர்களைப் பார்க்கும் முன் ஒவ்வொருவர் பக்கத்திலும் மிச்சமுள்ள ஆண்டை எழுதுங்கள். 40 பேர் பட்டியலில் இருப்பவர் யார், ஆப்ஷன் எத்தனை என்று குறியுங்கள். 'ஐந்து சுமாரான ஆள் தருகிறோம், ஒரு நட்சத்திரம் கொடு' என்று ரசிகர்கள் போடும் யோசனைகள் இங்கேதான் விழும். அந்த ஐவரை வாங்கும் அணி, நட்சத்திரம் விட்டுப்போகும் இடம் போக இன்னும் நான்கு இடம் காலி செய்ய யாரையாவது வெய்வரில் போட வேண்டும், யாரும் அதற்குச் சம்மதிக்க மாட்டார்கள். பிறகு அணி எந்த வரி வரம்பில் நிற்கிறது என்று பாருங்கள். கடைசியாக, வெற்றிக்கணக்கில் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். பத்து நிமிட வேலை.

சோட்டோ போன பிறகு யாங்கீஸ் செய்ததையும் இதே முறையில் பார்க்கலாம். மேக்ஸ் ஃபிரீடுக்கு எட்டு ஆண்டுகள், 21.8 கோடி டாலர். அவர் அட்லாண்டாவின் குவாலிஃபையிங் ஆஃபரை மறுத்தவர் என்பதால், வரி கட்டும் யாங்கீஸ் தன் இரண்டாவது, ஐந்தாவது உயர்ந்த டிராஃப்ட் தேர்வுகளையும் வெளிநாட்டு ஒப்பந்த நிதியில் 10 லட்சம் டாலரையும் இழந்தது. சோட்டோவுக்காக வந்த ஒற்றைத் தேர்வு இதற்கு ஈடாகாது. ஆனால் அந்தக் கணக்கைப் பார்த்துக் கையைக் கட்டியிருந்தால், கோல் 2025 மார்ச்சில் அறுவைச் சிகிச்சைக்குப் போனபோது சுழற்சிக்குத் தலையே இருந்திருக்காது. ஃபிரீட் 19 வென்றார். அவுட்ஃபீல்டர் கோடி பெல்லிஞ்சரை ஒரே ஒரு பிட்சரைக் கொடுத்து வாங்கியதால் ஜட்ஜ் வலது ஃபீல்டுக்குத் திரும்பினார். 2025-லும் அதே 94 வெற்றி. சோட்டோ 43 ஹோம் ரன் அடித்தும் மெட்ஸ் 83-ல் நின்று பிளேஆஃப் போகவில்லை.

சென்டரில் நின்றது யார் தெரியுமா? டிரென்ட் கிரிஷாம். 2023-ல் .198 அடித்ததால், அவருடைய சம்பளத்தைக் கழற்றிவிட பாட்ரேஸ் சோட்டோவோடு சேர்த்து அனுப்பியவர். முதல் ஆண்டு பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். 2025-ல் 34 ஹோம் ரன் அடித்தார். நவம்பரில் யாங்கீஸ் நீட்டிய 2.2025 கோடி டாலர் குவாலிஃபையிங் ஆஃபரை ஏற்று, 2026-க்கும் அதே அவுட்ஃபீல்டில் இருக்கிறார்.